அவன் கையில் கர்சர்

ஹரீஷ் என் தங்கை மோகனாவின் கணவன். அவனைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. வேலை முடிந்து வந்ததும் முதலில் அவள் போனைப் பிடுங்கி நோண்டுவான். எதையாவது கண்டால் அடி. ஒன்றுமே இல்லையென்றால், எதை அழித்தாய் என்று கேட்டு அதற்கும் அடி.

அவன் கண்ணில் மண்ணைத் தூவத்தான் அந்த பிரவுசரை அமைத்தேன். புக்கிட் மெர்தாஜாமில் என் வீட்டு மேசைக்கடியில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில், கண்டெய்னர் என்கிற மென்பொருள் பெட்டிக்குள் தனியாக அடைபட்டு ஓடும் பிரவுசர். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜார்ஜ்டவுன் பிளாட்டில் இருக்கும் மோகனாவின் போனில் அதன் திரை மட்டும் தெரியும். ஒரே திரையை இருவரும் சேர்ந்து பார்க்கலாம். கர்சர் மட்டும் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான். அவள் மூடிவிட்டால் போனில் சுவடே இருக்காது. ஃபேக்டரியில் நாள் முழுக்க சர்க்யூட் போர்டு சோதிக்கிற எனக்கு இது பெரிய வித்தையில்லை.

அதன் வழியாக ஒரு மெயிலில் படங்களைச் சேர்த்துவந்தாள். அயர்ன் பாக்ஸால் சுட்ட தோள். கெரெத்தாவில் ஏறும்போது கார்க் கதவில் வைத்து நசுக்கிய விரல்கள். பெல்ட் கொக்கி பதிந்த முதுகு. எதிலும் முகம் இருக்காது. "மூஞ்சி வேணாங்க்கா, அசிங்கமா இருக்கு" என்பாள். அசிங்கம் உனக்கா அவனுக்கா என்று நான் கத்துவேன். அவன் அவளை நெருங்காதபடி கோர்ட் உத்தரவு வாங்க இந்தப் படங்கள்தான் பிடி என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இருவரும் அவற்றைத்தான் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தோம். அவளிடம் இருந்த கர்சர் திடீரென்று நின்றது. மறுபடி நகர்ந்தபோது அது மோகனா இல்லை. அவள் யோசித்து யோசித்து நகர்த்துவாள். இது திரை முழுக்க வெறிகொண்டு ஓடியது. தோள் படத்தைத் திறந்தது. அழித்தது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கர்சரைப் பிடுங்கினேன். அவன் திரும்பப் பிடுங்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தேன், மறுபடியும் இழுத்தேன். ஜெயிப்பதாகவே நினைத்தேன். அங்கே நடப்பதன் சத்தம் எதுவும் எனக்குக் கேட்காது. அப்போதுதான் திரையோரத்து அரட்டைப் பெட்டியில் எழுத்துகள் வந்தன.

"நீங்கதான்னு தெரியும்க்கா. நீங்க புடுங்கறப்பல்லாம் இவளுக்கு ஒண்ணு விழுது. பல்லு ஒண்ணு போச்சு. இன்னும் இழுங்க லா."

கர்சரை விட்டுவிட்டேன். கண்டெய்னரையே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் படங்கள் பிழைக்கும், ஆனால் அவன் இரண்டு கையும் அவள் மேல் போகும். அழிக்கிற வரைக்கும் அந்தக் கை போனில் இருக்கும். இருக்கட்டும், அழிக்கட்டும்.

பிரவுசரின் வேகத்தைக் குறைத்தேன். ரொம்ப இழுத்தடித்தால் எரிச்சலில் அவளை மிதிப்பான். சும்மா விட்டால் சீக்கிரம் முடித்துவிட்டு மிதிப்பான். அடுப்பில் பால் வைத்தவள்போலக் கூட்டினேன், குறைத்தேன். திரையைப் படம் பிடித்து வைத்திருக்கலாமே என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். கேட்பார்கள். தங்கை பல்லைத் துப்பிக்கொண்டிருக்கும்போது யாருக்கு மூளை வேலை செய்யும்? ஒரு கை கீபோர்டில், மறு கையில் போன். பிளாட்டுக்குக் கீழே நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஃபஸீலா அக்காவை விடாமல் அழைத்தேன். எடுக்கவில்லை. திரையில் விரல்கள் படம் போயிற்று. முதுகு போயிற்று.

கடைசியில் எடுத்தார். "அக்கா, மோகனாவக் கொல்றான்! மேல போங்க! வாசல் கிரில் கேட்டப் பூட்டியிருப்பான், கேஸ் லீக்னு சொல்லுங்க!"

"யா அல்லா" என்றார். லைன் போயிற்று.

திரையில் கடைசிப் படமும் போனது. குப்பையையும் காலி செய்தான். கர்சர் நின்றது. அவன் கை சும்மாயிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நான் வாய்விட்டு அலறினேன்.

அந்த நேரம் ஃபஸீலா அக்காவின் கணவர் அப்துல் அஜீஸ் கிரில்லைத் தட்டிக்கொண்டிருந்தாராம். "தம்பி, கேஸ் லீக் ஆகுது, தெற!" பதறித் திறந்தவன், கடை ஆட்களைக் கண்டதும் இழுத்துச் சாத்தினான். அஜீஸ் அண்ணனின் மணிக்கட்டு நடுவில் சிக்கி முறிந்தது. அவர் மறு கையால் அவன் சட்டையைப் பிடித்து, மூக்கு உடையும்வரை முகத்தை அந்த இரும்பிலேயே மோதினார். ஃபஸீலா அக்கா கறிக் கரண்டியால் முதுகில் போட்டாராம். இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. நான் அடிக்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

போலீஸ் அவனைக் கொண்டுபோனது. நான் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மோகனாவுக்கு ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. உதட்டில் தையல். முன்பல் இருந்த இடத்தில் பஞ்சு.

"எல்லாம் போச்சுடி. ஒரு படங்கூட இல்ல. நாந்தான் அழிக்க விட்டேன்" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, வெளிச்சத்தின் பக்கம் திரும்பினாள்.

"போன எடுக்கா" என்றாள். "மூஞ்சியோட எடு."