படகைக் கறந்தவன்

ஓமான் கரையில் ஒட்டகம் கறப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். படகைக் கறந்தவன் ஒருவன்தான்: சூர் ஊர் முஸப்பா, அதாவது நான். மூன்று காப்பிக் கூஜா நிறையக் கறந்தேன். படகு ஓர் உதைகூட உதைக்கவில்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். துறைமுகப் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் என்ஜின் பார்த்து ஓய்வுபெற்றவன் நான். என் காதுக்குப் பயப்படாத படகு இந்தக் கடலில் மிதந்ததே இல்லை.

வஞ்சிரம் பிடிக்கப் போட்ட தடை முடிய ஆறு நாள் இருந்தது. சல்மீன் தன் ஃபைபர் படகின் பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு, எழுபத்தைந்து குதிரைத்திறனில் புதிது வாங்கியிருந்தான். முதல் வாரத்து மீன்தான் அவன் வீட்டுக்கு வருஷச் சோறு. என்ஜின் தொங்கும் பின்பலகை உளுத்திருந்தால், அதைப் பிய்த்துக்கொண்டு என்ஜின் கடலடிக்குப் போய்விடும். அதனால் என்னைக் கூப்பிட்டான்.

போனால், அவன் மச்சான் துவைனி முந்திக்கொண்டு பலகையின் மேல்விளிம்பில் ஒரு துளை போட்டிருந்தான். அவனும் மெக்கானிக்தான், அவன் கணக்கில்.

"பாருங்கண்ணே, துளைச்ச தூள் ஈரமே இல்லாம மாவா உதிருது. இரும்பு மாதிரி இருக்கு. மாட்டிடலாம்."

சல்மீன் வீட்டுக் காப்பிக்கொட்டை இடிக்கும் பித்தளை உலக்கையை வாங்கிப் பலகையைத் தட்டிக்கொண்டே இறங்கினேன். மேலே டங். நடுவில் டங். முழங்காலுக்குக் கீழே, பேரீச்சம்பழ மூட்டையைக் குத்தினதுபோல, தொப்.

"கீழ செத்துப்போச்சு சல்மீன். உள்ள தண்ணி நிக்குது."

"வயசானா காதுல தண்ணி நிக்கும்ணே," என்றான் துவைனி. "அதுலேர்ந்து ஒரு சொட்டு வரட்டும், நானே குடிக்கிறேன்."

"வாயக் கழுவிட்டு வந்து நில்லு."

உள்பக்கம், அடியோரமாகத் துளை போட்டேன். பழுப்புத் தண்ணீர் வில்லாக வளைந்து பாய்ந்தது. சல்மீன் கையில் அகப்பட்ட காப்பிக் கூஜாவைப் பிடித்தான். நிறைந்தது. கொட்டிவிட்டுப் பிடித்தான். மறுபடி நிறைந்தது. மூன்றாவதையும் கொட்டிவிட்டு இன்னொரு தடவை பிடித்தான்.

துவைனி ரோஷக்காரன். கூஜாவைப் பிடுங்கி வாயில் கவிழ்த்தான். முகம் கோணியது. பிறகு விழித்தான்.

"உப்பே இல்லியே!"

எல்லோரும் சல்மீனைப் பார்த்தோம். அவன் கால்விரலைப் பார்த்தான்.

"படகு வாங்கின நாலு வருஷமா, தடைக்காலம் முழுக்க வெயில்ல காயுதேன்னு... தெனம் நாலு வாளி கிணத்துத் தண்ணி ஊத்தினேன். எங்க வாப்பா அப்படித்தான் செய்வாங்க."

அவன் வாப்பா வைத்திருந்தது மரக்கலம். நனைக்காவிட்டால் பலகை சுருங்கி இடுக்கெல்லாம் வாய்பிளக்கும். ஃபைபர் படகிலோ மரம் பின்பலகைக்குள் மூடிக் கிடக்கிறது. பழைய திருகுத் துளை வழியாக நுழைந்த தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. நாலு வருஷமாக ஊட்டி ஊட்டியே கொன்றிருக்கிறான், பாவி.

"சீசன் போச்சாண்ணே?" என்றான் சல்மீன்.

"நான் உயிரோட இருக்கேன்ல?"

பலகையின் உள்பக்க ஃபைபர் தோலை அறுத்து, உளுத்த மரத்தை அல்வாபோல வழித்தெடுத்தோம். இரண்டு நாள் வெயில் காயவைத்தது. புது பிளைவுட்டைப் பசையில் குளிப்பாட்டி உட்காரவைத்தேன். இறுக்கும் கவ்விகள் போதவில்லை. ஊரிலேயே குண்டானவர்கள் பன்னிரண்டு பேரை விடியும்வரை அதன்மேல் சாய்ந்து நிற்கச் சொன்னேன். மூடி ஃபைபர் போர்த்தினோம். திருகுத் துளைகளைப் பெரிதாகக் குடைந்து, பசை நிரப்பி, இறுகியபின் நடுவில் மறுபடி துளைத்தேன். உள்ளே மரம் என்று ஒன்று இருப்பதே இனித் தண்ணீருக்குத் தெரியாது.

ஆறாம் நாள் உலக்கையால் தட்டினேன். டங்! உலக்கைச் சத்தம் கேட்டு, காப்பி தயாரென்று மஸ்கட்டில் நாலு பேர் எழுந்திருப்பார்கள். என்ஜினை மாட்டினோம். மறுநாள் சல்மீன் எல்லோருக்கும் முன்னால் கடலுக்குப் போனான்; வஞ்சிரத்தின் கனத்தில் விளிம்புவரை தாழ்ந்து திரும்பினான். பின்பலகை இம்மி அசையவில்லை.

அன்று சாயங்காலம் ஊர்க்கூடத்தில் இதைச் சொன்னேன். ஒருத்தன்கூட நம்பவில்லை. எல்லோரும் துவைனியிடம் திரும்பினார்கள். வெள்ளிக்கிழமையை நான் வெள்ளிக்கிழமை என்றால்கூட ஒப்புக்கொள்ளாத ஆள் அவன்.

"மூணு கூஜாங்கிறது பொய்," என்றான்.

கூடம் கொல்லென்று சிரித்தது. அவன் காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"நாலு. ஒண்ணு என் வயித்துக்குள்ள போச்சு, அவர் எண்ணல."