ஞாயிறன்று மறக்கும் சர்வர்

திங்கள் காலை சர்வர் எழவில்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் துடித்தது. உள்ளே இருக்கும் வட்டை விட்டுவிட்டு நெட்வொர்க்கில் யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே நெயாஃபு துறைமுகம் வரை ஆட்கள். பாய்ச் சுருள்கள், சேம்பு மூட்டைகள், கால் கட்டிய பன்றி ஒன்று. தலைநகர் நுகுஅலோஃபாவுக்குப் போகும் கப்பலின் டிக்கெட் இந்த சர்வரிலிருந்துதான் வரவேண்டும்.

நிறுத்தி, எஃப்-2 அழுத்தி, சர்வர் எழும் விதத்தை அமைக்கும் பயாஸ் திரைக்குள் போனேன். முதலில் எங்கிருந்து எழுவது என்ற பட்டியலில் நெட்வொர்க் மேலே இருந்தது, வட்டு கடைசியில். போன திங்களும் இப்படித்தான். வட்டை மேலே ஏற்றிச் சேமித்தேன். எழுந்தது.

மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து மனாசே கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. இன்னொரு திங்கள் இப்படி ஆனால் சர்வரை அடுத்த கப்பலில் ஏற்றிவிடச் சொன்னார். சர்வர் போனபின் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொண்டேன்.

போனை வைத்தபிறகுதான் ஒன்று உறைத்தது. யாரோ பட்டியலை மாற்றுகிறார்கள் என்று நினைத்து, போன வாரம் பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தேன். டிக்கெட் கொடுக்கும் ஃபுசியின் விரல் சும்மா இருக்காது. ஆனால் இன்று காலை திரை கடவுச்சொல்லே கேட்கவில்லை. மூலையில் இருந்த தேதியும் பல வருடம் பழையது. அவசரத்தில் கண்ணில் பட்டும் படிக்காமல் விட்டிருந்தேன்.

கடவுச்சொல் போய்விட்டது, தேதியும் போய்விட்டது. இதை ஃபுசி செய்திருக்க முடியாது. சர்வரே மறந்திருக்கிறது.

மின்சாரம் இல்லாதபோது இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பது மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி. அது செத்திருக்கலாம். அப்படியானால் ஏன் திங்கள் மட்டும்? புதன் மாலை கவுன்டர் மூடியதும் சர்வரை நிறுத்தி எழுப்பினேன். எல்லாம் நினைவிருந்தது. திரும்ப நிறுத்தி, இந்தமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு டீ குடித்து வந்தேன். மறந்திருந்தது.

சனி மதியம் நான் நிறுத்தும்போது பிளக் சுவரில்தான் இருக்கும். ஞாயிறு தீவில் யாரும் வேலை செய்வதில்லை; அன்று கதவைத் திறக்கும் சாவி சியாவோசியிடம் மட்டும். காவலும் அவன்தான், எங்கள் சர்ச்சில் மணியடிப்பதும் அவன்தான்.

கேட்டதும் ஒத்துக்கொண்டான். ஒளிக்க அவனுக்கு ஒன்றும் இல்லை.

"சனிக்கிழம இருட்டுறப்ப புடுங்குவேன். திங்கக்கிழம நீ வர்றதுக்குள்ள சொருகிடுவேன்."

"ஏன்?"

"ஞாயித்துக்கிழம நீ மண்ணடுப்புல சுட்ட உமு தின்னுட்டுத் தூங்குவ. அது மட்டும் முழிச்சிருக்கணுமா?"

நான் நிறுத்திவிட்டுத்தான் போகிறேன் என்றேன். பின்பக்கம் பச்சை விளக்கு எரிகிறதே என்றான். அது வேலை செய்வதாகாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். விளக்கு எரிந்தால் அவனுக்கு அது வேலைதான். மற்ற நாளில் என்ன சொன்னாலும் செய்வான். இதில் அசையமாட்டான்.

புது பேட்டரி வேண்டும். கடைத்தெருவில் எங்கும் இல்லை. நுகுஅலோஃபாவிலிருந்து வரவழைத்தால் திங்கள் தாண்டிவிடும். வெள்ளியன்று சியாவோசியே வந்து எதைத் தேடுகிறேன் என்று பார்த்தான். தன் கார் சாவியை நகத்தால் பிளந்து, உள்ளே இருந்த அதே காசு அளவு பேட்டரியை என் உள்ளங்கையில் வைத்தான்.

"அப்ப உன் காரை எப்படிப் பூட்டுவ?"

"எவன் திருடுவான்? திருடிட்டுத் தீவச் சுத்தி வந்து எங்கிட்டயே நிப்பான்."

சனி மதியம் சர்வரின் மூடியைத் திறந்து மாற்றினேன். தேதி, கடவுச்சொல், வட்டு முதலில். சேமித்து நிறுத்தினேன். இருட்டும்போது அவன் பிடுங்கியிருப்பான். போய்ப் பார்க்கவில்லை.

ஞாயிறு சர்ச்சில் எல்லோரும் ஒரு வரி பாடியபின்தான் நான் பாட்டில் சேர்ந்தேன். கார் சாவியில் அந்தப் பேட்டரி எத்தனை வருடம் இருந்தது என்று கேட்காமல் விட்டிருந்தேன்.

திங்கள் நான் போனபோது பிளக் சுவரில் இருந்தது. சியாவோசி கதவருகே நின்றான். பொத்தானை அழுத்தினேன். கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். மூலையில் இன்றைய தேதி. கோடு துடிக்கவில்லை. வட்டு உறுமியது.

சியாவோசி தேதியையே பார்த்தான்.

"சனிக்கிழமயே நான் புடுங்கிட்டேனே. இன்னிக்கு என்ன நாளுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

உன் கார் சாவி பேட்டரி நாளை எண்ணிக்கொண்டே இருந்தது என்றேன்.

"ஞாயித்துக்கிழம முழுக்கவா?"

"முழுக்க."

குனிந்து சர்வரின் பின்பக்கம் பார்த்தான். "விளக்கு எரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப சரி."

மேசையில் போன் அடித்தது. மனாசேயாகத்தான் இருக்கும். ஃபுசி இன்னும் வரவில்லை; ஜன்னலில் முதலில் நின்றவள் பன்றிக்கும் சேர்த்துக் கேட்டாள். அவளுக்கு டிக்கெட் அச்சாகி வெளியே வந்தது. அதைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தேன்.