உறைக்குள் ஒரு சட்டை

என் மூக்கு செத்துப் பல வருடங்கள் ஆகின்றன. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தால் புகையைப் பார்த்துத்தான் ஓடுவேன். இருபத்திரண்டு வருடமாக டிரை கிளீனிங் கடை வைத்திருக்கிறேன். தண்ணீர் படாமல் கோட்டுகளையும் கம்பளியையும் வெளுக்க ஒரு திரவம் இருக்கிறது. அதை எங்கள் கடையில் மருந்து என்றுதான் சொல்வோம். அந்த மருந்துதான் என் மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கீழே கடை, மேலே வீடு. மகளுக்கு ஏழு வயது. சுண்டெலி என்று கூப்பிடுவேன். ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை மூச்சிளைப்பு வந்தது. மூன்றாவது முறை உதடு நீலமாகிவிட்டது. நெஞ்சு டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்றார். நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

மறுநாள் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கோபித்துக்கொண்டு போகவில்லை. கோபித்துக்கொண்டு போயிருந்தால் சமாதானம் பேசி அழைத்து வந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அக்கா வீட்டு எதிர்ச் சாரியில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்பேன். சுண்டெலி மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவாள்.

"அப்பா, பல் ஆடுது!"

"எங்க, காட்டு!"

வாயைப் பிளந்து காட்டுவாள். அவ்வளவு தூரத்தில் வாய் மட்டும்தான் தெரியும்.

"ஆமாடி, சூப்பரா ஆடுது" என்பேன்.

அப்படி இருந்தும் அங்கேயும் அவளுக்கு இளைப்பு வந்தது. மனைவி போன் செய்தாள். விவரம் சொன்னாள். பிறகு, "கொஞ்ச நாள் வராதீங்க" என்றாள். அவளும் வேறு என்ன சொல்வாள்?

அந்த வாரமே பழைய மெஷினைக் கழற்றச் சொன்னேன். தண்ணீரிலும் மணமில்லாத சோப்பிலும் பக்குவமாக வெளுக்கிற மெஷின் ஒன்று வந்தது. அதைப் பழகுவதற்குள் ஒரு வக்கீலின் கோட்டு அவர் மகனுக்குச் சரியாக இருக்கிற அளவுக்குச் சுருங்கிப்போனது. பழைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் வேறு கடையைப் பார்த்துக்கொண்டார்கள். போகட்டும் என்று விட்டேன்.

அப்புறம் மாடி. இவ்வளவு நாள் இத்தனையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்பது வெளியே எடுத்து வைத்தபோதுதான் தெரிந்தது. பினாயில், ரூம் ஸ்பிரே, கொசுவர்த்திச் சுருள், பீரோவில் அந்துருண்டை, பவுடர் டப்பாக்கள், என் தலைக்குத் தடவும் வாசனை எண்ணெய், முகம் மழித்த பிறகு போடும் தண்ணீர். எல்லாம் இரண்டு சாக்கு. தரைக்கு வினிகரும் தண்ணீரும், கழுவுதொட்டிக்குச் சோடா உப்பு, குளிக்க ஒரு வெள்ளைச் சோப்பு. அதற்கு மணமும் இல்லை, நுரையும் இல்லை.

எல்லாம் செய்தாயிற்று. போய்விட்டதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துக் கடைச் சாவிக்காரரைக் கூப்பிட்டேன். இருபது வருடப் பழக்கம்.

"அண்ணே, கொஞ்சம் மேல வந்து மோந்து பாருங்களேன்."

"நான் என்ன மோப்ப நாயா தம்பி?"

"நாய்க்கு வாய் பேச வராதே."

திட்டிக்கொண்டே ஏறி வந்தவர் வாசற்படியிலேயே நான்கு தும்மல் போட்டார். தரை துடைக்க நான் புதிதாக வாங்கியிருந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தார்.

"இது என்ன எழவு?"

"இயற்கைன்னு போட்டிருக்குண்ணே. இலை படம் கூட இருக்கு."

"இலையா? ஒரு தோப்பையே வெட்டி மூக்குல சொருகின மாதிரி இருக்கு. தூக்கிப் போடு."

அதையும் சாக்கில் போட்டேன். அதன் பிறகு வாரம் ஒரு முறை வந்து மூலை மூலையாக முகர்ந்துவிட்டுப் போவார். பத்தாவது வாரம், "ஒண்ணும் தெரியல தம்பி. ஆளே இல்லாத வீடு மாதிரி இருக்கு" என்றார். நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னார். அவர் இறங்கிப் போன பிறகு அந்தக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சுவரில் சுண்டெலியின் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள் இருந்தன. வினிகர் துணியால் துடைக்கும்போது அவற்றைச் சுற்றித்தான் துடைத்திருந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். "முதல்ல நான் மட்டும் வந்து பாக்கறேன்" என்றாள். அவள் மூக்கு மிகக் கூர்மையானது. அவள் சரி என்றால் மகள் வருவாள்.

வரும் நாளுக்கு முன்தினம் மகளின் மெத்தை விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் இரண்டு தடவை அலசி, வெயிலில் காயவைத்து, மடித்துக் கட்டிலில் வைத்தேன்.

மறுநாள் காலை மனைவி வந்தாள். எட்டு மாதத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே நடந்தாள். கூடத்தில் நின்றாள், மூச்சை இழுத்தாள். சமையலறைக்குப் போனாள். பீரோவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். நான் பின்னாலேயே போனேன், பரீட்சைப் பேப்பரைத் திருத்தும் வாத்தியாருக்குப் பின்னால் நிற்பவனைப் போல.

"பரவாயில்லையே" என்றாள்.

என்னருகில் வந்து என் தோளில் முகம் வைத்து முகர்ந்தாள். எட்டு மாதம் கழித்து அவள் என்னைத் தொட்டது அதுதான். அதுவும் சோதனைக்காக. நான் மூச்சு விடாமல் நின்றேன்.

"போயிடுச்சு" என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

பிறகு மகளின் அறைக்குப் போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"கட்டில் மேல என்னங்க வெச்சிருக்கீங்க?"

"துவைச்ச துணிதான். ரெண்டு தடவை அலசினேன்."

"துணி இல்ல. மேல மூடியிருக்கே, அது."

அப்போதுதான் பார்த்தேன். தூசி படியக்கூடாது என்று மடித்த விரிப்புகளை மூடி வைத்திருந்தேன். கடை உறையால். துணியை வெளுத்துக் கொடுக்கும்போது மேலே போடுகிற நீளமான பிளாஸ்டிக் உறை. பழைய மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் வருடக்கணக்காக மருந்தைக் குடித்துக்கொண்டு கிடந்த கட்டிலிருந்து ஒன்றை உருவியிருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் துணியை மடித்ததும் உறைக்குப் போகிற கை.

இரண்டு சாக்கு நிறைய அகற்றிவிட்டு, நஞ்சை என் கையாலேயே மகளின் படுக்கைக்கு மேல் விரித்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு முகம்.

"அப்பனுக்குப் பொண்ணு தப்பாம பொறந்திருக்கு" என்றாள்.

கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். அதே கடை உறை. வாய் இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே என் பழைய நீலக் கட்டம் போட்ட சட்டை. கடையில் போடுகிற சட்டை. காணவில்லை என்று ஒரு வாரம் தேடியிருக்கிறேன். நான் மடிக்கிற மாதிரியே, காலரை மேலே வைத்து, கைகளைப் பின்னால் மடக்கி மடித்திருந்தது.

"நேத்து அவ மெத்தையத் தூக்கி உதறும்போது அடியில கிடைச்சுது. கிளம்பற அன்னிக்கே பையில திணிச்சிருக்கா. யாரும் இல்லாதப்ப எடுத்து மோந்துட்டு, திரும்பக் கட்டி வெச்சிடுவாளாம்."

நான் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன்.

"நீங்க வராம இருந்தீங்களே, அந்த வாரங்கள்லதான் இளைப்பு அதிகமா வந்துச்சு. அப்பப்ப வந்த வாசனையும் நம்ம துணியில ஒட்டினதுன்னு நினைச்சுட்டேன். எனக்கு அப்பப் புரியல."

ஜன்னலுக்கு வெளியே சாவிக்காரரின் அரம் ஏதோ ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அவள் எழுந்தாள்.

"விரிப்பெல்லாம் மறுபடி அலசுங்க. கட்டிலை வெயில்ல போடுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன்" என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "சட்டையையும்" என்றாள்.

அவள் போன பிறகு கடையிலிருந்த உறைக் கட்டு மொத்தத்தையும் சாக்கில் போட்டுக் கட்டினேன். விரிப்புகளை அலசினேன். சட்டையைக் கடைசியாக எடுத்தேன். முடிச்சை அவிழ்த்து முகத்தில் வைத்து இழுத்தேன். எவ்வளவு இழுத்தும் ஒன்றும் இல்லை. எட்டு மாதம் என் மகள் இதற்குள் யாரைத் தேடி எடுத்தாளோ, அந்த ஆள் எனக்குத் தெரியவே இல்லை. வாளியில் வினிகர் ஊற்றி அதை முக்கினேன். மூன்று தண்ணீர் மாற்றினேன். மொட்டை மாடியில் உதறிக் காயப் போட்டேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"அப்பா, என் சட்டைய அம்மா எடுத்துட்டாங்க."

"அது என் சட்டைடி."

"என்னோடது. நீ துவைச்சிட்டியா?"

பொய் சொல்ல வாய் வந்தது. "துவைச்சிட்டேன்டா" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. நான் அந்த மூச்சைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். விசில் சத்தம் இல்லை. சீராகப் போய்ச் சீராக வந்தது.

"இப்ப அது எப்படி வாசனை அடிக்குது?"

கொடியில் சட்டை காய்ந்துவிட்டிருந்தது. போனைக் காதில் வைத்தபடியே போய் அதை எடுத்து மூக்கருகே பிடித்தேன்.

"எனக்குத் தெரியலடி. ஞாயித்துக்கிழமை நீ வந்து மோந்து பாத்துச் சொல்லு."

"நல்லா இல்லைன்னா?"

"அதை நான் போட்டுட்டே இருக்கேன். நல்லா ஆகற வரைக்கும்."

கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பல் விழுந்துடுச்சு" என்றாள்.

"எங்க, காட்டு" என்றேன்.