மாலகி டர்கனைத் தூக்கியவர்கள்

1987 பிப்ரவரி 15, ஞாயிறு. ஹனோரா டர்கன் காலையில் ஐந்து கோப்பைகளில் தேநீர் ஊற்றியது தவறு. அவள் கணவர் மாலகி சினிமாவில் எந்தெந்த ஆளாக நடித்தாரோ, அந்த ஆட்கள் அன்று வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறாவது ஆள் தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றார். வாய் திறக்காததால் அவள் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை இறந்த மாலகி உள்ளறையில் பெட்டிக்குள் கிடந்தார்.

மாலகி சினிமாவில் முப்பது ஆண்டுகள் இருந்தார். கதாநாயகனுக்குப் பின்னால், இடப்பக்கம், கொஞ்சம் மங்கலாகத் தெரிவார். அயர்லாந்தின் மாயோ கடற்கரையிலிருந்து பேருந்தில் டப்ளின் போய் ஒரு வாரம் நடித்துவிட்டு, திரும்பி வந்து உருளைக்கிழங்குக்கு மண் அணைப்பார். படம் வெளியான மறுநாள், அவர் நடித்த ஆள் மாலைப் பேருந்தில் வந்து இறங்குவார். முதலில் பாதிரியார் வந்தார். பிறகு போலீஸ் சார்ஜென்ட், மதுக்கடைக்காரர், தபால்காரர், மீனவர். எல்லாருக்கும் மாலகியின் முகம், மாலகியின் உயரம். படத்தில் பேசிய ஒற்றை வசனத்தைத் தவிர வேறு பேச்சு வராது. சார்ஜென்ட் ஒவ்வொரு வேளையும் சாப்பிட உட்காரும்போது, "இந்த சைக்கிளுக்கு விளக்கு எங்க?" என்று கேட்பார். ஹனோரா உருளைக்கிழங்கை அவர் பக்கம் தள்ளுவாள்.

"ஒரு புருஷனைக் கட்டிக்கிட்டு இத்தனை பேருக்குக் கிழங்குத் தோல் உரிக்கிறியேடி," என்பாள் அடுத்த வீட்டு அட்ராக்டா. "எனக்கு இருக்கறது ஒண்ணு. அதுவே வாயை மூடாது."

கடைசியாக மாலகி நடித்தது சவப்பெட்டி தூக்கும் ஆளாக. வசனம் இல்லை. படம் வந்தபோது அந்தக் காட்சியே இல்லை. "வெட்டிட்டாங்க, ஹனோரா," என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவள் மாலைப் பேருந்தைப் பார்த்திருந்தாள். யாரும் இறங்கவில்லை.

அந்த ஊரில் உறவு இல்லாதவரைத்தான் வண்டியில் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். மற்றவர்களை ஆறு பேர் தோளில் சுமந்து நடக்க வேண்டும். இளைஞர்கள் எல்லாம் பாஸ்டனிலும் லண்டனிலும் இருந்தார்கள். இருந்த கிழவர்களுக்கு முதுகு நிமிராது. இரண்டு இரவாக ஹனோரா தூங்காமல் எண்ணிப் பார்த்தாள். எப்படி எண்ணினாலும் ஓர் ஆள் குறைந்தது.

சவப்பெட்டிக்காரர் லாவெல் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். "வண்டியிலேயே எடுத்துடலாம்மா. அஞ்சு பேரை வச்சுக்கிட்டு தூக்கினா பெட்டி கவுந்துரும்."

அப்போதுதான் அவள் கதவோரம் நின்றவரைப் பார்த்தாள். சட்டைத் தோளில் ஏற்கெனவே ஒரு சவப்பெட்டியின் அழுத்தம் பட்டு மடிப்பு விழுந்திருந்தது. அவள் தன் கோப்பையை அவரிடம் கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்து முடித்தார்.

"வண்டி வேண்டாம் லாவெல்," என்றாள்.

பெட்டி சாயாமல் இருக்க லாவெல் எப்போதும் ஆட்களை உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பார். அன்று அந்த வேலையே இல்லை. "என் வாழ்நாள்ல இப்படி ஒரே மட்டமா வந்ததில்லம்மா," என்றார். மழை தூறியது. பெட்டியைச் சுமந்த பாதிரியார் போகும் வழியெல்லாம், "மழை வரும்போல, உள்ள வாங்க," என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஊர் தொப்பியைக் கழற்றியது. மாலகி முதன்முறையாக நடுவில் இருந்தார். அவருடைய ஆட்கள் ஓரங்களில்.

மண் போட்டு முடிந்தும் ஹனோரா நகரவில்லை. மதுக்கடைக்காரர் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "நேரமாச்சு. வீட்டுக்குக் கிளம்புங்கப்பா."

எல்லாரும் கிளம்பினார்கள். ஆறாவது ஆளும் அவர்களோடு வந்து, கதவோரம் தொப்பியை மாட்டினார்.

நாளை காலை, துக்கத்துக்கு வந்தவர்களுக்காக இரவல் வாங்கிய கோப்பைகளைக் கழுவி அட்ராக்டாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆறாவது ஆளுக்கு ஒன்றை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மாலகியின் கோப்பை கொக்கியிலேயே இருக்கட்டும்.