வாலன்டரிக்கு வங்காளத்தில் என்ன

சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வெள்ளைக்கார அம்மாள் ஃபேக்டரியைச் சோதித்துப் பார்க்க வருகிறாள் என்றால் எங்களுக்கு முதல் நாளே பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். லைன் சீஃப் லோக்மான்தான் வாத்தியார். இந்தத் தடவை ஒரே ஒரு சொல்தான் பாடம்: வாலன்டரி. வங்காளத்தில் 'ஸ்வேச்சாய்', அதாவது தன் இஷ்டப்படி. ஓவர்டைம் பற்றிக் கேட்டால் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம். அத்தனை பெண்களும் ராகம் போட்டு ஒப்பித்தோம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன ஈத் பெருநாளுக்கும் அதற்கு முந்தின பெருநாளுக்கும் கேட்டைப் பூட்டிவைத்துச் சட்டை தைக்கவிட்டார்கள். நான் சதர்காட் படகுத்துறைக்கு ஓடிச் சேர்வதற்குள் என் ஊர் போலாவுக்குப் போகும் கடைசி லாஞ்ச் கிளம்பிவிட்டது. என் மகள் துலி அங்கே என் அக்கா வீட்டில் வளர்கிறாள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு படித்துறையிலேயே நின்றாளாம். இந்தப் பெருநாளும் போய்விடும் போலிருந்தது.

"இஷ்டப்படின்னா கேட்டுக்கு எதுக்கு லோக்மான் பாய் பூட்டு?" என்று கேட்டேன். பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள்.

"உனக்கு வாய் நீளம், மொர்ஜினா. நாளைக்கு அதையும் தைச்சு வச்சுக்க" என்றான்.

மறுநாள் லைனுக்கு ஒருத்தியாகக் கூப்பிட்டார்கள். நாலாம் லைனில் வெள்ளைக்காரி விரல் நீட்டியது என்னை. அறைக்குள் அவளும், மொழிபெயர்த்துச் சொல்ல டாக்காவிலிருந்து வந்த பெண்ணும் மட்டும். பேர் வெளியே போகாது என்று சத்தியம் செய்யாத குறை. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லை ஒப்பித்துவிட்டு வந்திருந்தார்கள்.

"இஷ்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல ஆபா. பூட்டிடுறாங்க. பெருநாளைக்கு நான் என் புள்ளைகிட்டப் போகணும்" என்று அந்த டாக்கா அக்காவிடம் சொன்னேன்.

வெள்ளைக்காரி கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாக்கையும் காப்பாற்றினாள், பேரை எழுதவில்லை. ரிப்போர்ட்டில் 'நாலாம் லைன் பெண் ஒருத்தி' என்றுதான் எழுதினாளாம். மகராசி, நன்றாக இருக்கட்டும். நாலாம் லைனிலிருந்து போனது நான் ஒருத்திதான்.

அந்த வாரமே மேனேஜர் கூப்பிட்டார். மேசையில் இங்கிலீஷில் ஒரு காகிதம். மொர்ஜினா பேகம் வாலன்டரியாக வேலையை விடுகிறாள் என்று லோக்மான் படித்துக்காட்டினான். கையெழுத்துப் போடாவிட்டால் துணி திருடினேன் என்று கேஸ் போடுவார்களாம்.

"அர்த்தம் தெரியும்ல?" என்றான்.

கையெழுத்தைப் போட்டேன்.

பெருநாள் கூட்டம் இன்னும் தொடங்காததால் லாஞ்சில் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது. என்னோடு ஒப்பித்தவர்கள் எல்லாரும் பூட்டுக்குள் தைத்துக்கொண்டிருந்தார்கள். போலா படித்துறையில் துலி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"இந்த வாட்டி விட்டுட்டாங்களாம்மா?"

"யாரு விடணும்? என் இஷ்டப்படி வந்தேன்டி" என்றேன்.

அதை அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினாள்.