பூசையிலிருந்து எடுத்த கீபோர்டு

இன்னொரு தடவை லைன் அறுந்தால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் ஷபானா சொன்ன நாளிலிருந்து, அமுதவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை நினைத்து மட்டும் வந்த பயமல்ல அது. தனியாக வாழும் முதியவர்கள் ஆபத்தில் கழுத்தில் மாட்டிய அவசரப் பொத்தானை அழுத்தினால், கிள்ளானில் அவள் வீட்டுப் பின்னறை மடிக்கணினியில்தான் அவர்கள் குரல் கேட்கும். போன மாதம் குளியலறையில் விழுந்த ஓர் ஆன்டி பேசிக்கொண்டிருக்கும்போதே இணைய ரவுட்டர் படுத்துவிட்டது. அந்த அம்மா மறுபடி அழுத்தியதால் பிழைத்தார்.

"வாரத்துக்கு நாலு தடவ மயக்கம் போடுது, இதுவும் ஒரு பெட்டியா?" என்று அவள் கணவன் ராதாகிருஷ்ணன் ரவுட்டரைக் கழற்றி வீசினான். கூடத்தில் பதினோரு வருடமாக இருந்த பழைய கணினியில் இன்னொரு நெட்வொர்க் அட்டையைச் செருகி, அதையே ரவுட்டராக்கினான். திரையைக் கழற்றிவிட்டான், கீபோர்டு மட்டும் மிச்சம்.

"கிழவன்தான். ஆனா விழ மாட்டான் லா," என்று கணினியைத் தட்டிக்கொடுத்தான்.

மூன்று வாரம் கிழவன் விழவில்லை. அவளும் கொஞ்சம் தூங்கினாள்.

ஆயுத பூசை வந்தது. அவன் விடுப்பு எடுத்தான், அவளுக்கு வேலை. காலை பத்தேகாலுக்குப் பூச்சோங்கிலிருந்து கன்னையா என்ற பெரியவர் அழைத்தார்.

"அம்மா... படியில விழுந்துட்டேன். கால அசைக்க முடியல. ரத்தம் வருதும்மா."

"அங்கிள், அசையாதீங்க. நான் ஆம்புலன்ஸ அனுப்புறேன். என்கூட பேசிக்கிட்டே இருங்க."

முகவரியைத் திறக்க விசையை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"அங்கிள்? அங்கிள்!"

பதில் இல்லை. லைன் அறுந்திருந்தது. அழைப்பு அவளிடம் இருப்பதாகவே அலுவலகத்தில் காட்டும். பத்து நிமிடத்துக்கு வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். கைப்பேசியில் ஷபானாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கைப்பேசி இணையத்தை அலுவலக மென்பொருள் ஏற்காது. வீட்டு லைன் மட்டும்தான். முகவரி தெரியாமல் ஆம்புலன்ஸையும் கூப்பிட முடியாது.

கூடத்துக்கு ஓடினாள். சாம்பிராணிப் புகை. டிரில், ஸ்பேனர், கார் சாவி எல்லாம் பொட்டோடு வரிசையாக இருந்தன. கடைசியில், துடைத்துச் சந்தனம் வைத்து, மூச்சடங்கிக் கிடந்தது பழைய கணினி.

"என்னங்க, அதோட சுவிட்ச அடைச்சிட்டீங்களா?"

குங்குமம் படிந்த விரலோடு அவன் திரும்பினான். வருடா வருடம் அதை அணைத்துத் துடைத்துப் பொட்டு வைத்த கை, இந்த வருடமும் யோசிக்காமல் அதையே செய்திருந்தது.

"ஐயோ வள்ளி... பழக்கத்துல..."

"ஆன் பண்ணுங்க! ஒருத்தர் ரத்தத்துல கிடக்கிறாரு!"

அழுத்தினான். விசிறி சுழன்றது. பீப், பீப் என்று இரண்டு முறை கத்திவிட்டு அப்படியே நின்றது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் அதே கத்தல்.

"கீபோர்டு இல்லாம எழும்பாது..." என்றவன் பூசையறையைப் பார்த்தான். சரஸ்வதி படத்தின் முன் புத்தகங்களுக்கு அடியில், மல்லிகையோடு இருந்தது கீபோர்டு. "பூசைக்கு வச்சத நாளைக்குத்தானே எடுக்..."

அவள் காத்திருக்கவில்லை. புத்தகங்கள் சரிய, மல்லிகை சிதற, இழுத்து எடுத்து வந்தாள். அவன் கணினியில் செருகி, சந்தனம் ஒட்டிய விசை ஒன்றை அழுத்தினான். விளக்கு மினுக்கியது. ஒரு நிமிடம். இரண்டு. கடிகாரத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

பின்னறையில் திரை உயிர் பெற்றது. முகவரி விரிந்ததும் முதலில் ஆம்புலன்ஸை அனுப்பினாள். பிறகு பெரியவரைத் திரும்ப அழைத்தாள். அவர் வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டி, யாரும் எடுக்காமலே அழைப்பைத் தானே ஏற்றுக்கொண்டது. அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

"அங்கிள்..."

"நீதானே பேசிக்கிட்டே இருக்கச் சொன்ன?" என்று மெல்லிய குரல். "நான் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். நீ எங்கம்மா போன?"

ஆம்புலன்ஸ்காரர்கள் கதவைத் தட்டும் சத்தம் கேட்கும்வரை அவள் பேச்சை விடவில்லை. பேரப்பிள்ளைகள் எத்தனை, காலையில் என்ன சாப்பிட்டார் என்று ஏதேதோ கேட்டாள்.

அறை வாசலில் ராதாகிருஷ்ணன் நின்றான். துடைக்காத குங்குமம் விரலில் காய்ந்திருந்தது.

"அடுத்த வருஷம் அதுக்குப் பூசையே வேணாம், வள்ளி."

"பொட்டு வைங்க," என்றாள் அவள். "சுவிட்சுல மட்டும் கை வைக்காதீங்க."