மூன்றாவது சிலிண்டரின் தட்டல்

எங்கள் வேன் வருவதை ஆஸ்பத்திரிக் காவலாளி கண்ணால் பார்த்து அறிந்ததே இல்லை. தெருமுனையில் டொக் டொக் என்று இஞ்சின் தட்டத் தொடங்கியதுமே எழுந்து கேட்டைத் திறந்துவிடுவார். உங்களுக்கு ஹாரனே வேண்டாம் அக்கா என்று கேலி வேறு. நானும் சிரித்து வைத்தேன். ஆயில் அழுத்தம் குறைந்தால் ஸ்டியரிங் முன்னால் எரியுமே, அந்த ஆயில் விளக்கு மினுங்கிய அன்றுதான் மெக்கானிக்கிடம் ஓடினேன்.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் சலவைத் தொழில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. திங்கட்கிழமை விரிப்பு போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு கைக்கு மாறிவிடும். மெக்கானிக் அண்ணனோ பானட்டைக்கூடத் திறக்கவில்லை. இஞ்சினையே மாற்ற வேண்டும், அடுத்த மாதம் கொண்டுவா என்றார். அடுத்த மாதமாம். அதுவரை நோயாளிகள் வெறுங்கட்டிலில் படுப்பார்களா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. நானே கழற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

இஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மூன்றாவதைப் பிடுங்கியதும் தட்டல் அமுங்கியது. அகப்பட்டான் திருடன். ஆயிலைப் பழைய தலையணை உறை ஒன்றில் வடித்தேன். துணியில் மஞ்சள் பொடி மின்னியது, காந்தத்தில் ஒட்டவில்லை. இரும்பு இல்லை, பேரிங் உதிர்ந்த பொடி. பிஸ்டன் ராடும் அது சுழற்றும் கிராங்க் தண்டும் நேராக உரசாதபடி நடுவில் காவல் இருக்கும் அரைவட்டத் தகடுதான் பேரிங். காவல்காரன் தேய்ந்தால் வீடு தட்டத்தானே செய்யும்?

ஞாயிறு காலை, புது பேரிங்குகளோடு வேனடியில் நுழைந்தேன். ஆயில் தொட்டியை இறக்கி, நான்கு ராடுகளையும் கிராங்கோடு கவ்விப் பிடிக்கும் அடிமூடிகளைக் கழற்றினேன். எது எந்த ராடுடையது என்று, வாடிக்கையாளர் துணிக்குப் போடுவதுபோல, மார்க்கர் பேனாவால் நம்பர் போட்டுத்தான் வெளியே நீட்டினேன். துடைத்து வைக்கும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். கிராங்கை நகத்தால் வருடிப் பார்த்தேன். கீறல் எதுவும் சிக்கவில்லை. பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று சந்தோஷமாக வெளியே வந்தேன்.

வெள்ளைத் துணிமேல் நான்கு மூடிகளும் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. ஒன்றில்கூட நம்பர் இல்லை.

"மை எங்கங்க?"

"கறையா இருந்துச்சு. போக்கிட்டேன்." முகத்தில் அத்தனை பெருமை.

கறையைக் கண்டால் அந்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. ஆனால் ஒவ்வொரு மூடியையும் அதன் ராடோடு சேர்த்து முறுக்கித்தான் உள்வட்டம் கடைந்திருப்பார்கள். ஜோடி மாறினால் புது பேரிங்கும் போச்சு, கிராங்கும் போச்சு. ஊரார் சட்டையில் வருஷக்கணக்காகப் போகாத மை, இன்றைக்குப் பார்த்தா போகவேண்டும்? நான் திட்டிய திட்டை எழுத முடியாது. பிறகு வேன் சக்கரத்தில் சாய்ந்து அழுதேன்.

கிழிந்த துணியில் தையல் தெரியாமல் இழை ஓட்டுபவர் அவர். கொஞ்ச நேரம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர்த்து வச்சு கடைஞ்சதுன்னா, சேர்ற இடத்துல விரலுக்கு ஒண்ணும் தட்டக்கூடாதுல்ல?"

தேய்த்த சட்டையோடு வேனடியில் என் பக்கத்தில் வந்து படுத்தார். நான் பழைய தகடுகளை எடுத்துவிட்டு, ராடைக் கிராங்கிலிருந்து மேலே தள்ளி மூடியைப் பொருத்திப் பிடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இணைப்பின்மேல் நகத்தை ஓட்டினார். தட்டுது என்றார். திருப்பிப் போட்டோம். தட்டுது. அடுத்த மூடி. அதுவும் தட்டியது. முதுகு மரத்துப்போயும் மனுஷன் அசையவில்லை. கடைசியில் ஒன்றில் விரல் நின்றது, திரும்பி வந்தது, மறுபடி போனது.

"இதுதான்."

நம்பாமல் நானும் ஓட்டிப் பார்த்தேன். நகம் வழுக்கிக்கொண்டு போனது. நான்கையும் அப்படியே ஜோடி சேர்த்தோம். இந்த முறை கூர் உளியால் ஒவ்வொரு ஜோடியிலும் அதன் எண்ணுக்கேற்பப் புள்ளி குத்தினேன். இதை நீங்கள் துவைத்தாலும் போகாது என்றேன். சட்டையெல்லாம் ஆயில் கறையோடு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் கோபம் கரைந்தது.

புது பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே, இதற்கென்றே விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழையை வைத்து முறுக்கி, அது நசுங்கிய அகலத்தில் இடைவெளி பார்த்தோம். நான்கும் சரி. இழையைத் துடைத்து, ஆயில் பூசி, குறிப்பிட்ட அளவுக்கு முறுக்கினேன். கிராங்க் கையாலேயே சுழன்றது. தொட்டியை மாட்டிப் புது ஆயில் ஊற்றினேன். பிளக் வயர் மாட்டாமல் ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றவிட்டு, பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். தட்டல் இல்லை.

திங்கள் காலை, விரிப்பு மூட்டைகளோடு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றோம். கேட் மூடியே இருந்தது. உள்ளே காவலாளி தன் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று விளங்கி, கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்காரர் குறுக்கே கை நீட்டி ஹாரனை அழுத்தினார். காவலாளி பதறி எழுந்து ஓடிவந்தார்.

"என்னக்கா, நீங்க வந்ததே தெரியலையே!"